பட்டி ஹாலி: எந்த இசைத்தட்டை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

1950-களின் அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் பட்டி ஹாலியைப் புதிதாகக் கேட்க ஆசைப்படுகிறவர் முதலில் முட்டிக்கொள்வது பெயரில்தான். ஒரே ஆள், ஒரே குரல். ஆனால் ஒரு தட்டின் மேல் ‘தி கிரிக்கெட்ஸ்’ என்று இருக்கும், இன்னொன்றின் மேல் ‘பட்டி ஹாலி’ என்று இருக்கும். அதற்கப்புறம் ‘கோல்டன் கிரேட்ஸ்’, ‘ரேரிட்டீஸ்’, ‘கலெக்‌ஷன்’ என்று தொகுப்புக்கு மேல் தொகுப்பு. போதாததற்கு, 2018-இல் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவை அவர் குரலுக்குப் பின்னால் உட்கார வைத்து ஓர் ஆல்பம் வேறு வந்தது. கோவையில் வீட்டிலேயே கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிற பிள்ளைகளுக்கு மூன்று கார்டு (சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவது) கைக்கு வந்ததும் நான் போட்டுக் காட்டுவது இவருடைய பாட்டுகளைத்தான். இவருடைய தட்டுகளில் எதை வாங்கலாம், எதைத் தொடவே வேண்டாம் என்று எனக்குத் தீர்மானமான அபிப்பிராயம் உண்டு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த இரண்டு பெயர் விஷயம். டெக்சாஸ் மாநிலத்து லபக் ஊர்க்காரரான ஹாலி, 1956-இல் டெக்கா கம்பெனிக்காக நாஷ்வில்லில் சில பாட்டுகள் பாடினார். ஒன்றும் எடுபடவில்லை. கம்பெனி கைவிட்டது. ஆனால் அங்கே பதிவான பாட்டுகளை ஐந்து வருஷத்துக்கு வேறு யாருக்காகவும் பாடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. அவற்றில் ஒன்றுதான் ‘தட்’ல் பி த டே’. 1957 பிப்ரவரியில் நியூ மெக்சிகோவின் கிளோவிஸ் என்ற சிற்றூரில் அதே பாட்டை நண்பர்களோடு புதிதாகப் பாடிப் பதிந்தபோது, அவர் பெயர் மேலே தெரியக் கூடாது என்பதால் குழுவின் பெயரைப் போட்டார்கள். அப்படித்தான் ‘தி கிரிக்கெட்ஸ்’ வந்தது. பாட்டை வாங்கி வெளியிட்ட பிரன்ஸ்விக் லேபிள், அவரைக் கைவிட்ட அதே டெக்காவின் கிளை. பிறகு ஹாலியின் சொந்தப் பெயரில் வந்தவை கோரல் என்ற லேபிளில் வந்தன. அதுவும் டெக்காவின் கிளைதான். செப்டம்பர் மாதத்துக்குள் ‘தட்’ல் பி த டே’ அமெரிக்காவில் முதலிடம் போய்விட்டது. ஆகவே கடையில் பிரன்ஸ்விக் தட்டையும் கோரல் தட்டையும் பார்த்தால் இரண்டு வேறு குழுக்கள் என்று நினைக்க வேண்டாம். ஆட்களும் அறையும் பெரும்பாலும் அதே.

அந்த அறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தப் பாட்டுகள் இன்னும் புதுசாகக் கேட்பதற்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான். கிளோவிஸில் நார்மன் பெட்டி என்பவர் சொந்தமாக ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார். அவரே இசைக்கலைஞர், ஆர்கன் வாசிப்பவர். மற்ற இடங்களில் மணிக்கு இவ்வளவு என்று வாடகை. இவர் பாட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினார். இதன் அருமை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஸ்டூடியோவில் வாசித்தவர்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் நான் பக்திப் பாடல் கேசட்டுகளுக்கு வாசித்திருக்கிறேன். ஒரு பிட் சரியாக வரவில்லை என்றால், ‘இருக்கட்டும், அடுத்ததுக்குப் போலாம்’ என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்துவிடும். புதிதாக ஒன்றை முயன்று பார்க்கலாமா என்று வாயெடுக்கக்கூட முடியாது. கிளோவிஸில் அந்த அவசரம் இல்லை. இருபது வயதுப் பையன்கள் ராத்திரி முழுக்க ஒரே பாட்டோடு மல்லுக்கட்ட முடிந்தது.

குழுவிலும் ஆட்கள் கொஞ்சம்தான். டிரம்ஸ் ஜெர்ரி ஆலிசன், நின்றபடி வாசிக்கும் பெரிய பாஸுக்கு ஜோ பி. மால்டின், ரிதம் கிட்டாருக்கு நிக்கி சல்லிவன், பிறகு ஹாலி. இந்த நாலு பேரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாட்டுக்கும் ‘இதற்கு என்ன சத்தம்?’ என்று தனித்தனியாக யோசித்திருக்கிறார்கள். ஒரு பாட்டில் செய்ததை அடுத்த பாட்டில் அப்படியே திருப்பிச் செய்யவில்லை. அதிலும் பெரிய விஷயம், ஒரு பாட்டுக்கு ஒரு யோசனை கிடைத்ததும் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். மேலே இன்னொன்றை ஏற்றவில்லை.

‘பெகி சூ’வை எடுத்துக்கொள்வோம். 1957 கோடையில் பதிவானது. ஹாலியின் அக்கா மகள் பெயரை வைத்து ‘சிண்டி லூ’ என்று ஆரம்பித்த பாட்டு, டிரம்மர் ஆலிசனின் காதலி பெயருக்கு மாறியது. ஆலிசன் இதில் சிம்பலைத் தொடுவதே இல்லை. தாளம் பழகுகிறவர்கள் தினம் அடிக்கும் பாரடிடில் என்ற கைப்பயிற்சியைத்தான் பாட்டு முழுக்க உருட்டுகிறார். ஸ்னேர் என்ற டிரம்மின் அடிக்கம்பியைத் தளர்த்திவிட்டதால், சடசடவென்று வர வேண்டிய சத்தம் தொம்தொம் என்று உருண்டு வருகிறது. அது மற்ற மைக்குகளில் எல்லாம் ஏறிவிடும் என்று அவரை வாசல் பக்கத்து வரவேற்பறைக்குக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள்.

நார்மன் பெட்டியிடம் ஓர் எக்கோ அறை இருந்தது. இன்றைக்கு ஒரு பட்டனைத் திருகினால் வருகிற ரிவெர்புக்கு அன்றைக்கு நிஜமாகவே ஓர் அறை வேண்டும். காலி அறையின் ஒரு பக்கம் ஸ்பீக்கர், மறுபக்கம் மைக். ஸ்டூடியோ சத்தத்தை ஸ்பீக்கரில் அனுப்பி, சுவரில் மோதித் திரும்புவதை மைக்கில் பிடித்துப் பாட்டோடு கலப்பார்கள். ‘பெகி சூ’வில் டிரம்ஸ் சத்தத்தை அந்த அறைக்குள் விடுவதும் மூடுவதுமாகப் பெட்டி சுவிட்சைத் தாளத்தோடு இயக்கிக்கொண்டே இருந்தார். ஹெட்ஃபோனில் கேளுங்கள். டிரம்ஸ் ஒரு கணம் காதருகே இருக்கும், அடுத்த கணம் தூரத்துக் கூடத்துக்குப் போய்விடும், மறுபடி பக்கத்தில் வரும். வாசிப்பவர் ஒரே மாதிரிதான் அடிக்கிறார். நகர்வது அறைதான். பாட்டு முழுக்கக் கடல் அலை மாதிரி ஒரு புரளல் இருப்பதற்குக் காரணம் இது.

கிட்டார்க்காரியாக எனக்கு இந்தப் பாட்டில் இன்னொன்று உயிர். ஹாலி முழுப் பாட்டையும் கீழ்வீச்சிலேயே அடிக்கிறார். கை மேலே போகும்போது கம்பியைத் தொடுவதில்லை. அந்த வேகத்தில் அரை நிமிஷம் அடித்தாலே மணிக்கட்டு கெஞ்சும். மேலும் கீழுமாக அடித்தால் சுலபம், ஆனால் அந்தக் கடகடப்பு வராது. இடையிசையிலும் அதே வீச்சுதான், ஒற்றைக் கம்பியில் விரல் வித்தை காட்டுவதில்லை. போன வருஷம் என்னிடம் சேர்ந்த ஒரு பையன், வேகமாக லீட் வாசிக்க வேண்டும் என்று துடிப்பாக இருப்பவன், இதைக் கேட்டுவிட்டு, “மிஸ், சோலோ எப்போ வரும்?” என்றான்.

“வந்துட்டுப் போயிருச்சு.”

“அது வெறும் கார்டுதானே மிஸ்?”

“திரும்பப் போடறேன். சத்தம் எங்கே மாறுதுன்னு கை தூக்கு.”

இரண்டாவது முறை சரியான இடத்தில் கை தூக்கினான். அந்த இடத்தில் நடந்தது இது: ஹாலி வாசித்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிட்டாரில், கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பை மாற்றும் சுவிட்ச் ஒன்று உண்டு. அதைத் தள்ளினால் மெத்தென்ற சத்தம் கூர்மையாகிவிடும். ஆனால் ஹாலியின் வலது கை கீழ்வீச்சை நிறுத்தினால் பாட்டே நின்றுவிடும். அதனால் நிக்கி சல்லிவன் தன் கிட்டாரை வைத்துவிட்டு ஹாலியின் பக்கத்தில் காத்திருந்து, சோலோ ஆரம்பிக்கும்போது அந்தச் சுவிட்சைத் தள்ளினார், முடிந்ததும் திரும்பப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். அந்தப் பாட்டில் அவருடைய பங்கு அவ்வளவுதான். ரிதம் கிட்டார் வாசிக்க வந்தவர் சுவிட்ச் தள்ளினார். அந்தப் பாட்டுக்குத் தேவைப்பட்டது அதுதான். நான் பையனிடம் சொன்னதும் அவன் உடனே எழுந்து, “நீங்க அடிங்க மிஸ், நான் தள்றேன்” என்று என் கிட்டார் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

இன்னும் ஒன்று. ஏ, டி, இ என்ற மூன்றே கார்டில் ஓடுகிற பாட்டு, அந்தப் பெண்ணை அழகி அழகி என்று திரும்பத் திரும்பச் சொல்லும் இடத்தில் மட்டும் எஃப்-க்குத் தாவும். அந்தக் குடும்பத்தைச் சேராத கார்டு. காது ஒரு நொடி தடுமாறும், அதற்குள் பழைய வழிக்குத் திரும்பிவிடும். மூன்று கார்டு பழகிய பிள்ளைக்கு நாலாவது கார்டு எதற்கு என்று விளக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

இதே தட்டின் மறுபக்கம் ‘எவ்ரிடே’. அங்கே டிரம்ஸே கிடையாது. ஆலிசன் தன் முழங்காலில் தட்டுகிறார். பெட்டியின் மனைவி வை பெட்டி செலஸ்டா வாசிக்கிறார். சின்னச் சின்ன உலோகத் தகடுகளைச் சுத்தியல் தட்டும், பார்ப்பதற்குக் குட்டிப் பியானோ மாதிரி இருக்கும் வாத்தியம் அது. பாஸ், ஹாலியின் கிட்டார், குரல், அவ்வளவே. ஒரு பக்கம் அலை புரளும் ‘பெகி சூ’, தட்டைத் திருப்பினால் உள்ளங்கையில் அடங்கும் இந்தப் பாட்டு. வகுப்பில் பிள்ளைகளைத் தொடையில் தட்டச் சொல்லி இதை ஓட விடுவேன். இரண்டு நிமிஷம் வேகம் ஏறாமல் தட்டுவது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் புரியும். ஆலிசனின் கை இம்மி பிசகுவதில்லை. ‘நாட் ஃபேட் அவே’யிலும் அவர் இப்படித்தான். டிரம் செட்டை விட்டுவிட்டு ஓர் அட்டைப்பெட்டியை அடிக்கிறார். போ டிட்லி என்ற கறுப்பினப் பாடகர் பிரபலமாக்கிய ‘டக், டக், டக் – டக், டக்’ என்ற தாளம். ஹாலி அவரிடமிருந்து தாளத்தை எடுத்துக்கொண்டு சுற்றி இருந்ததையெல்லாம் கழித்துவிட்டார்.

குரலுக்கு வருவோம். ஹாலிக்குப் பெரிய குரல் இல்லை. கனமும் இல்லை, கட்டையும் இல்லை. அவர் செய்வது ஒரு சொல்லை உடைப்பது. நடுவில் விக்கல் வந்தாற்போல் மேலே தூக்கிவிட்டு இறக்குவார். ‘ரேவ் ஆன்’ பாட்டின் முதல் சொல் ஓரசைதான். அதை ஆறு துண்டாக்கி, மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வருகிறார். இது 1958 ஜனவரியில் நியூயார்க் ஸ்டூடியோ ஒன்றில் பதிவானது. ‘பெகி சூ’வில் அந்தப் பெண்ணின் பெயர் எத்தனையோ முறை வருகிறது, ஒரு முறை சொன்ன மாதிரி மறுமுறை சொல்வதில்லை. ஆழமாக, மூக்கால், குழந்தை மாதிரி, கெஞ்சலாக, கிண்டலாக. அசைகளை உருட்டியும் அசைத்தும் பாடுவது நம் காதுக்குப் பழகிய விஷயம், அதனால் இந்தப் பாடும் முறை நமக்கு அந்நியமாகவே படாது. என் அம்மாவுக்கு ஆங்கிலப் பாட்டு என்றாலே இரைச்சல். அவரே இதைக் கேட்டுவிட்டு, “இந்தப் பையன் நல்லா கொஞ்சறான்” என்றார். காதலைப் பற்றிப் பாடும்போது ஜம்பம் அடிக்காத குரல் அது. கூச்சமும் ஆசையும் சேர்ந்தே இருக்கும்.

இனி தட்டு தட்டாக.

‘தி சர்ப்பிங் கிரிக்கெட்ஸ்’ 1957 நவம்பரில் வந்தது. பன்னிரண்டு பாட்டு, மொத்தம் அரை மணி நேரத்துக்கும் குறைவு. ‘ஓ பாய்’, ‘நாட் ஃபேட் அவே’, ‘மேபி பேபி’, ‘தட்’ல் பி த டே’ எல்லாம் இதில்தான். உறையில் நாலு பேரும் ஒரே மாதிரி கோட்டு சூட்டில், ஹாலியின் கையில் ஸ்ட்ராட்டோகாஸ்டரோடு நிற்பார்கள். இங்கிலாந்தில் எத்தனையோ பையன்கள் அந்தக் கிட்டாரின் வடிவத்தை முதன்முதலில் பார்த்தது இந்த உறையில்தான். ‘மேபி பேபி’ உள்ளிட்ட நாலு பாட்டுகள் சுற்றுப்பயணத்தின் நடுவே, ஓக்லஹோமா சிட்டியில் டிங்கர் விமானப்படைத் தளத்து அதிகாரிகள் கிளப்பில் கருவிகளைப் பரப்பிப் பதிந்தவை. அது தெரிந்த பிறகும் எனக்கு அந்த இடத்தின் வேறுபாடு காதில் படுவதில்லை, அவ்வளவு கச்சிதம்.

இந்தத் தட்டில் எனக்கு ஒரு குறை உண்டு. பின்னணியில் வருகிற ‘ஊ’, ‘ஆ’ ஹம்மிங். பல பாட்டுகளில் அதைப் பாடியது கிரிக்கெட்ஸ் அல்ல, ‘தி பிக்ஸ்’ என்ற வேறொரு குழு. பாட்டு முடிந்தபின் மேலே சேர்த்தது. ‘ஓ பாய்’க்கு அது பொருந்துகிறது, ஒரு ஊர்வலக் குதூகலம் வருகிறது. ‘ஆன் எம்ப்டி கப்’பில் பொருந்தவில்லை. ராய் ஆர்பிசன் என்ற பாடகர் கைவைத்து எழுதிய பாட்டு, தனியாக உட்கார்ந்து காத்திருப்பவனின் பாட்டு. அவனைச் சுற்றி இத்தனை பேர் நின்று ஹம்மிங் செய்தால் அவன் எப்படித் தனியாக இருப்பான்? கடைசியில் வரும் ‘ராக் மி மை பேபி’யும் சுமார்தான். ஆனால் இரண்டாம் பக்கத்து ‘ஐ’ம் லுக்கிங் ஃபார் சம்ஒன் டு லவ்’ ஒன்றுக்காகவே தட்டை வாங்கலாம். அதன் சோலோவில் ஹாலி வாசிக்கும் உருட்டல், ராக்கபில்லி (ராக் அண்ட் ரோலும் கன்ட்ரி இசையும் கலந்த பாணி) கிட்டாருக்கு நான் கொடுக்கும் முதல் பாடம்.

1958 பிப்ரவரியில் வந்த ‘பட்டி ஹாலி’ (கோரல் லேபிள்) எனக்கு இதைவிட ஒரு படி மேல். உறையில் கண்ணாடி போடாத ஹாலி, அந்த முகத்தைப் பார்த்து வேறு யாரோ என்று நினைத்துவிட வேண்டாம். ‘பெகி சூ’, ‘எவ்ரிடே’, ‘ரேவ் ஆன்’, ‘லிசன் டு மி’ எல்லாம் இங்கே. ஹம்மிங் கூட்டமும் அநேகமாக இல்லை. இதில் ‘வேர்ட்ஸ் ஆஃப் லவ்’ என்ற பாட்டை நிதானமாகக் கேட்க வேண்டும். தனித்தட்டாக வந்தபோது விற்கவே இல்லை. ஹாலி ஒரு முறை பாடி, அந்த டேப்பை ஓடவிட்டு, அதன் மேல் தானே இன்னொரு குரலாகச் சேர்ந்து பாடியிருக்கிறார். 1957 ஏப்ரலில், ஒரு சின்ன ஊரில், இது சாதாரண காரியம் இல்லை. ஒருமுறை தப்பினால் முழுவதையும் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். கிட்டார் சத்தம் கண்ணாடி மணி மாதிரி தெளிவு. 1964-இல் பீட்டில்ஸ் இதையே பாடிப் பதிந்தார்கள். அவ்வளவு பெரிய குழு அதை மாற்றாமல், அந்தக் கிட்டாரின் ஒவ்வொரு அசைவையும் அப்படியே பின்பற்றியிருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள்.

இந்தத் தட்டின் முதல் பாட்டு ‘ஐ’ம் கோனா லவ் யூ டூ’. அதன் முடிவில், கிட்டார் அடங்கும்போது, ஒலியைக் கூட்டி வையுங்கள். நிஜமான சில்வண்டு ஒன்று கத்தும். எக்கோ அறைக்குள் எப்படியோ புகுந்துகொண்டது, பிடிக்க முடியவில்லை, கத்தியது தாளத்துக்கும் ஒத்துப்போய்விட்டது, விட்டுவிட்டார்கள். சில்வண்டின் பெயரையே வைத்துக்கொண்ட குழுவின் பாட்டில் அது வந்தது எவ்வளவு பொருத்தம்! சில மறுபதிப்புகளில் முடிவைச் சீக்கிரமே அடக்கிவிடுகிறார்கள். வண்டு கேட்கிறதா என்பது நான் ஒரு பதிப்பை எடைபோடும் முறைகளில் ஒன்று.

1958 அக்டோபரில் நியூயார்க்கில் பித்தியன் டெம்பிள் என்ற இடத்தில், டிக் ஜேக்கப்ஸின் இசைக்குழுவோடு வயலின்கள் வைத்து நாலு பாட்டுகள் பதிந்தார். ராக் அண்ட் ரோல்காரருக்கு வயலின் எதற்கு என்று சிலர் இன்றும் முகம் சுளிக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. ‘இட் டஸன்ட் மேட்டர் எனிமோர்’ பால் அன்கா எழுதிக் கொடுத்தது. அதில் வயலின்களை வில்லால் இழுக்காமல் விரலால் மீட்டியிருக்கிறார்கள். துளித்துளியாக விழும் அந்தச் சத்தத்துக்கு மேல் ஹாலி, போனால் போகட்டும் என்று தோளைக் குலுக்கிக்கொண்டு பாடுகிறார். ‘ட்ரூ லவ் வேஸ்’ மனைவி மரியா எலேனாவுக்காக எழுதியது. அதில் சாக்ஸஃபோன் வருகிற இடத்தில் வகுப்பில் எல்லோரும் சும்மா இருந்துவிடுவோம். இந்த அமர்வு நிஜமான ஸ்டீரியோவில் பதிவானது. ஹாலியின் பாட்டுகளில் ஸ்டீரியோவில் கேட்க வேண்டியவை இவைதான். அங்கே வயலின்களும் அவரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் இருந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

அந்த வருஷக் கடைசியில் ஹாலி நார்மன் பெட்டியையும் குழுவையும் விட்டுப் பிரிந்துவிட்டார். வர வேண்டிய பணம் முடங்கியது. அதனால்தான் கடுங்குளிரில் பஸ்ஸில் ஒரு கச்சேரிச் சுற்றுப்பயணத்துக்குப் போனார். 1959 பிப்ரவரி 3, அயோவாவில் விமான விபத்து. கூடவே இறந்தவர்கள் பாடகர்கள் ரிச்சி வேலன்ஸ், ஜே.பி. ரிச்சர்ட்சன், விமானி ரோஜர் பீட்டர்சன். ஹாலிக்கு வயது 22. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பாதிப் பக்கத்தை அந்த விபத்துக்கே கொடுத்துவிடுகிறார்கள். ‘தட்’ல் பி த டே’ ஜெயித்ததற்கும் அந்த நாளுக்கும் நடுவே ஒன்றரை வருஷம்கூட இல்லை. அதற்குள் இவ்வளவையும் செய்தவரை அவர் இறந்த விதத்தால் நினைப்பது எனக்குச் சம்மதமில்லை.

அந்தச் சுற்றுப்பயணத்துக்குப் போவதற்கு முன், நியூயார்க் கிரீனிச் வில்லேஜ் வீட்டில், 1958 டிசம்பரிலும் 1959 ஜனவரியிலும், ஆம்பெக்ஸ் டேப் ரெக்கார்டர் ஒன்றை வைத்துத் தனியாகச் சில பாட்டுகளைப் பாடி வைத்திருந்தார். கிட்டாரும் குரலும் மட்டும். ‘க்ரையிங், வெயிட்டிங், ஹோப்பிங்’, ‘லேர்னிங் த கேம்’, ‘வாட் டு டூ’, ‘பெகி சூ காட் மேரீட்’ முதலியவை. அவர் இறந்தபின் கம்பெனி அவற்றின் மேல் வாத்தியமும் பின்னணிக் குரலும் ஏற்றி அந்த வருஷமும் அடுத்த வருஷமுமாக வெளியிட்டது. பிறகு பெட்டி, ‘ஃபயர்பால்ஸ்’ என்ற குழுவை வைத்து மறுபடி வேறொரு விதமாக ஏற்றினார். ஆகவே ஒரே பாட்டு மூன்று வடிவத்தில் உலவுகிறது. வாங்குகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

‘க்ரையிங், வெயிட்டிங், ஹோப்பிங்’கை வைத்தே வித்தியாசத்தைச் சொல்கிறேன். மேலேற்றிய வடிவத்தில், அவர் ஒவ்வொரு சொல்லைப் பாடி நிறுத்தியதும் பின்னணிக் குரல்கள் அதையே எதிரொலிக்கும். கேட்க இனிமையாகத்தான் இருக்கும், அந்த வடிவத்தைத்தான் உலகம் அறியும். வீட்டு டேப்பில் அந்த இடம் காலி. அவர் சொல்லை விட்டுவிட்டுக் காத்திருக்கிறார், கிட்டார் மட்டும் நடக்கிறது, அடுத்த சொல் வருகிறது. அழுதுகொண்டு, காத்துக்கொண்டு, நம்பிக்கொண்டு இருப்பவனுக்குப் பதில் வரவில்லை என்பதுதானே பாட்டு! பதில் குரல் வந்தால் அவன் காத்திருப்பதற்கே அர்த்தமில்லை. ‘லேர்னிங் த கேம்’ இன்னும் எளிமை. விரல் கம்பியில் வழுக்குவதுகூடக் கேட்கும். எந்த மெருகும் ஏறாத இந்த டேப்புகள் 2009-இல் வந்த ‘டவுன் த லைன்: ரேரிட்டீஸ்’ என்ற இரண்டு சிடி தொகுப்பில் இருக்கின்றன. அதே தொகுப்பில், பன்னிரண்டு பதின்மூன்று வயதில் வீட்டில் பாடிப் பதிந்த ஒரு பாட்டும் உண்டு. கட்டைக் குரல் வராத பிஞ்சுக் குரல். அதையும் இந்த வீட்டு டேப்பையும் அடுத்தடுத்துக் கேட்டால், நடுவில் பத்து வருஷம்கூட இல்லை என்பதை நம்ப மனசு வராது.

இப்போது அந்த ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆல்பம். நல்ல வாசிப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் நாலு பேர் இடம்விட்டு வாசித்த பாட்டில், அந்த இடத்தையெல்லாம் அறுபது ஆண்டுகள் கழித்து வயலின்களும் கொம்புகளும் வந்து நிரப்புகின்றன. தயிர்சாதத்தின் மேல் முந்திரி, திராட்சை, மாதுளை என்று கொட்டி, அடியில் சாதத்தைத் தேட வைத்தாற்போல் இருக்கிறது. பித்தியன் டெம்பிளில் வயலின்களைக் கேட்டு, அதற்குத் தக்கபடி ஹாலி தன் குரலை மெதுவாக்கிப் பாடினார். இங்கே அவர் எதையும் கேட்கவில்லை. அந்தக் குரல் அட்டைப்பெட்டித் தாளத்துக்காகப் பாடிய குரல். எனக்கு ஒட்டவில்லை, பரிசாகக் கொடுக்கவும் மாட்டேன்.

ஹாலியின் பாட்டுகள் ஏன் இத்தனை வருஷம் நிற்கின்றன என்று கேட்டால், பிறர் உள்ளே வந்து வாசிக்க அவற்றில் இடம் இருக்கிறது என்பேன். 1958-இல் லிவர்பூலில் ஜான் லெனான், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன் எல்லாம் பள்ளிக்கூட வயதில் முதன்முதலாகக் காசு கொடுத்துப் பதிந்துகொண்ட தட்டின் ஒரு பக்கம் ‘தட்’ல் பி த டே’. 1964-இல் ரோலிங் ஸ்டோன்ஸுக்கு இங்கிலாந்தில் மூன்றாம் இடம் வாங்கிக் கொடுத்தது ‘நாட் ஃபேட் அவே’. மெக்கார்ட்னி பின்னாளில் ஹாலி பாட்டுகளின் பதிப்புரிமையையே வாங்கிக்கொண்டார். இவர்கள் யாரும் ஹாலியைத் தூரத்தில் நின்று கும்பிடவில்லை. கையில் கிட்டாரை எடுத்தார்கள், மூன்று கார்டில் பாட்டு வந்துவிட்டது. என் வகுப்பில் இன்றைக்கு நடப்பதும் அதேதான். எல்விஸைக் கேட்டால் பிள்ளைகள் வாய் பிளப்பார்கள், ஹாலியைக் கேட்டால் கிட்டாரைத் தேடுவார்கள்.

சரி, எதை வாங்குவது? ஒன்றே ஒன்றுதான் என்றால் 1978-இல் வந்த ‘20 கோல்டன் கிரேட்ஸ்’. நான் மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை அதில் இருக்கின்றன, வரிசையும் நன்றாக இருக்கிறது. இங்கிலாந்தில் அது அந்த வருஷம் முதலிடம் போனது, நிறைய அச்சாகியிருப்பதால் பழைய தட்டுக் கடைகளில் கிடைக்கவும் செய்யும். சிடிதான் வசதி என்றால் 1985-இல் வந்த ‘ஃப்ரம் த ஒரிஜினல் மாஸ்டர் டேப்ஸ்’. ஒலிக்கு அதை மிஞ்ச நான் கேட்டதில்லை. பாட்டு பிடித்துப்போய் இன்னும் வேண்டும் என்றால் கோரல் தட்டு, பிறகு கிரிக்கெட்ஸ் தட்டு. ‘ரேரிட்டீஸ்’ கடைசியில். வீட்டு டேப்புகளின் அருமை, மற்றவற்றை நன்றாகக் கேட்ட காதுக்குத்தான் புரியும்.

பழைய தட்டு வாங்குகிறவர்கள் உறையை ஒருமுறை படித்துப் பாருங்கள். 1957 பாட்டுகளுக்கு ‘எலெக்ட்ரானிக் முறையில் ஸ்டீரியோ ஆக்கப்பட்டது’ என்கிற மாதிரி ஏதாவது போட்டிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஒரே தடத்தில் வரும் மோனோ ஒலியை இரண்டாகப் பிளந்து, ஒரு பக்கம் கனத்தையும் மறுபக்கம் கிறீச்சையும் தள்ளியிருப்பார்கள். ‘பெகி சூ’வின் டிரம்ஸ் அதில் முன்னும் பின்னும் போய்வராது, இடமும் வலமுமாகச் சிதறும். மோனோ என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். வீட்டுக்கு வந்ததும் கோரல் தட்டின் முதல் பாட்டை முடிவு வரை ஓடவிட்டு வண்டு இருக்கிறதா என்று பாருங்கள்.